கத்தி படறதுக்கு முந்தி

ரவுண்ட்ஸ் ஆரம்பிச்சாச்சு. வார்டோட அந்தக் கோடியில, கதவை ஒட்டுன கட்டில்கிட்ட பெரிய டாக்டர் நிக்கறாரு, அவரைச் சுத்தி வெள்ளைக் கோட்டுக் கூட்டம், பின்னால ட்ரேயோட ஒரு நர்ஸம்மா. ஒவ்வொரு கட்டிலா தாண்டி எப்படியும் இந்த ஜன்னலோரத்துக்கு வந்துருவாங்க. வர்றதுக்குள்ள ரேணுகா ஒரு முடிவுக்கு வந்தாகணும். சொல்லீர்றதா, வேண்டாமா. கட்டில்ல அவ வீட்டுக்காரரு மகுடேஸ்வரன் கண்ணை மூடிப் படுத்திருக்காரு, தூக்கமில்ல, காய்ச்சல்ல கண்ணு எரியுதுன்னு மூடியிருக்காரு, போர்வைக்கு வெளிய நீட்டியிருக்கற பாதம் அடுப்புல இருந்து எறக்குன வாணலி மாதிரி கொதிக்குது, அதைத்தான் ரேணுகா ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு ஸ்டூல்ல ஒக்காந்திருக்கா, புடிச்சுட்டா சூடு எறங்கீருமா, எறங்காது, ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குதே. அவரு நெஞ்சுக்குள்ளருந்து அந்தச் சத்தம் வருது. டிக், டிக், டிக். போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில நெஞ்சைத் தொறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வச்சாங்களே, அதோட சத்தம். வச்ச புதுசுல ராத்திரி பக்கத்துல படுத்தா தூக்கமே வராது, ரூமுக்குள்ள இன்னொரு கடிகாரம் மாட்டுன மாதிரி இருக்கும். அவரு சிரிப்பாரு. "லேத்துக்காரன் நெஞ்சுல லேத்து ஓடாம வேற என்ன புள்ள ஓடும்"பாரு. கணபதி ஏரியாவுல பட்டறை வச்சு பம்புசெட்டுக்குச் சாமான் கடையற மனுசன், "இதைக் கடைஞ்சவன் நல்லாக் கடைஞ்சிருக்கான், ஒரு நூல் பிசகு இல்ல"ன்னு நெஞ்சைத் தட்டிக் காட்டுவாரு. இப்ப அந்த டிக்கு பழைய டிக்கா இல்ல. நடுவுல ஒரு அமுங்கல். துணியைச் சுத்தி வச்சுத் தட்டுன மாதிரி. மத்தவங்களுக்குக் கேக்குதோ இல்லையோ, ஒரு வருஷமா அந்தச் சத்தத்தைக் காதுல வாங்கிட்டே தூங்குனவளுக்குக் கேக்காதா.

சொல்லீரலாம். என்ன பெருசா, வாயைத் தொறந்தா ரெண்டு வார்த்தை, அப்புறம் ஆனது ஆகட்டும். ஆனது ஆகட்டும்னா என்ன ஆகும்? அவரு இவளைப் பாப்பாரு. அந்தப் பார்வைதான். அதுக்கு மேல நெனப்பு போகவே மாட்டேங்குது, கல்லுல முட்டுன வண்டிச் சக்கரம் மாதிரி அங்கேயே நின்னு நின்னு பொரளுது. நேத்து அந்த இருட்டு ரூமுல ஸ்கேன் பண்ணும்போது சின்ன டாக்டரம்மா ஸ்க்ரீனைக் காட்டி, "பாருங்க, வால்வுல ஒட்டிக்கிட்டு ஆடுதுல்ல, அது கிருமி கட்டுன கூடு"ன்னாங்க. ரேணுகா பாத்தா. தண்ணித் தொட்டி ஓரத்துல பாசி அசையுமே, அந்த மாதிரி இருந்துச்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஆடுச்சு, நல்லா ஆடுச்சு, பிஞ்சு போய் மூளைக்கு ஓடீருச்சுன்னா கை கால் விழுந்துரும்னு அதையும் அவங்களே சொன்னாங்க. ஆனா என்ன கிருமின்னு தெரியல. அதான் இப்ப பிரச்சனையே. வேற வேற கையில ரத்தம் எடுத்து, பாட்டில்ல ஊத்தி வளத்துப் பாத்துட்டாங்க, ஒண்ணுமே மொளைக்கல. கூடு இருக்குது, கிருமி மொளைக்க மாட்டேங்குது, இது எப்படின்னு அவங்களுக்கு ஒரே கொழப்பம். "பல்லு கில்லு புடுங்குனீங்களா?" இல்லீங்க. "எங்கயாச்சும் வெட்டுக்காயம், கட்டி கீறுனது?" இல்லீங்க. "வீட்டுல மாடு ஆடு இருக்குதா, காய்ச்சாத பாலு குடிப்பீங்களா?" அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, அந்தக் காய்ச்சல்லயும். "கணபதி சந்துக்குள்ள மாட்டை எங்கீங்க மேடம் கட்டறது, லேத்துலயா?" அப்புறம் அந்தக் கேள்வி. "காய்ச்சல் வந்தப்பறம் ஆன்டிபயாட்டிக் ஏதாச்சும் சாப்ட்டீங்களா? அரைகுறையாச் சாப்ட்டிருந்தாக் கிருமி பாட்டில்ல மொளைக்காது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." "ஒண்ணு கூட இல்லீங்க மேடம், காய்ச்சல் மாத்திரை மட்டுந்தான். வேணும்னா இவளைக் கேளுங்க." டாக்டரம்மா இவளைப் பாத்தாங்க. இவ தலையை ஆட்டுனா. ஆமான்னு ஆட்டுனாளா இல்லைன்னு ஆட்டுனாளான்னு இவளுக்கே தெரியல, ஆனா ஆட்டுனா, டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க, போயிட்டாங்க. அவரு பொய் சொல்லல. அவருக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது நெசம். தெரிஞ்சவ இவதான்.

அங்க கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகந்துருச்சு. ரேணுகா பாதத்தை இன்னும் இறுக்கிப் புடிக்கறா. எல்லாம் எங்க ஆரம்பிச்சுது. போன வருஷம், ஆபரேசனுக்கு மொத நாள். மருந்து சோப்புப் போட்டுக் குளிக்க வச்சு, நெஞ்சு முடி எல்லாம் எடுத்து, பச்சைக் கவுன் மாட்டி ஒக்கார வச்சிருந்தாங்க. கேரளாக்கார நர்ஸம்மா ஒருத்தி, வாய் ஓயாது, ஊசியை எல்லாம் காட்டிக் காட்டிச் சொல்லும். "சேச்சி, நெஞ்சில கத்தி படறதுக்கு முந்தி இந்த மருந்து ரத்தத்தில ஓடிட்டிருக்கணும். முந்தி. அப்புறம் போட்டா பிரயோசனம் கம்மி." ரேணுகா ஏன்னு கேட்டா. தோலுல, மூக்குல, வாயில எல்லாம் கிருமி சும்மா குடியிருக்குமாம், அங்க இருந்தா ஒண்ணும் பண்ணாதாம், கத்தி பட்டு ஒரு வழி கெடைச்சா உள்ள ஓடி, புதுசா வச்ச சாமான்ல போய் ஒக்காந்துக்குமாம், ஒக்காந்துட்டா கெளப்பறது ரொம்பக் கஷ்டமாம். முந்தி, முந்தி. அந்த வார்த்தையை அந்தப் பொண்ணு மலையாள ராகத்துல இழுத்துச் சொன்னது இன்னைக்கும் காதுல அப்படியே கெடக்குது. வீட்டுக்கு அனுப்பற அன்னைக்கும் அதையேதான் சொன்னாங்க. பல்லு புடுங்கினாலோ, வாயில எங்கயாச்சும் கிழிக்கற குத்தற வேலை இருந்தாலோ, ஒரு மணி நேரம் முந்தி இந்தச் சிவப்பும் மஞ்சளுமா இருக்கற கேப்சூல் மாத்திரையை நாலு, மொத்தமா முழுங்கீரணும். மறந்துராதீங்க. மறக்கல. ரேணுகா மறக்கவே இல்ல. மருந்துக் கடையில அன்னைக்கே வாங்கி, சாமி அலமாரியில முருகன் படத்துக்குப் பின்னால வச்சா, அவசரத்துக்குக் கைக்கு எட்டணும்னு. மறந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். மறந்துட்டேன் சார்னு அழுதிருக்கலாம். மறதிக்கு மன்னிப்பு இருக்குது.

வேண்டுதல் இவளோடது. அதை எப்படி மறைக்கறது. தியேட்டர் கதவுக்கு மேல சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டிருந்தப்ப, ஒரு ஆளும் வெளிய வந்து ஒண்ணும் சொல்லாதப்ப, கையில பிளாஸ்டிக் கவர்ல அவரோட செருப்பும் வாட்ச்சும் வச்சுட்டு நின்னவ, முருகா, இவரை முழுசா வெளிய அனுப்பு, அடுத்த பங்குனி உத்தரத்துக்கு இவரு அலகு குத்திட்டு உன் மலைக்கு வருவாருன்னு வேண்டிக்கிட்டா. தன் ஒடம்புல ஒண்ணு வேண்டியிருக்கலாம்ல. மொட்டை போடறேன்னோ, உருண்டு வர்றேன்னோ. வாயில வந்தது அதுதான். அவருகிட்டச் சொன்னப்ப, "நல்லா இருக்குதே கதை, நேந்தது நீயி, கன்னத்துல கம்பி எனக்கா?"ன்னு சிரிச்சாரு, ஆனா மாட்டேன்னு சொல்லல, மாலை போட்டு வெரதம் இருந்தாரு, பட்டறையிலயே ஒரு வேளை சோறு, தரையில படுக்கை. ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு தெனம் போடற குட்டி வெள்ளை மாத்திரையை மட்டும் விடல, அது வெறும் மாத்திரை, உறை கெடையாது, அதுல தப்பில்லன்னு ரேணுகாவே சொல்லீட்டா. உறைதான். அந்த உறைப் பேச்சு மட்டும் வராம இருந்திருந்தா. அவரோட அக்கா, இவளுக்கு நங்கையா, காவடிக்குப் பூ கட்டிட்டே சாதாரணமாச் சொன்னாங்க. "இந்த கேப்சூல் உறை இருக்குதுல்ல ரேணு, அது மாட்டெலும்பைக் காய்ச்சி எடுக்கறதாமா. செல்லுல வந்துச்சு." அவ்வளவுதான். குடுக்காதேன்னு அவங்க சொல்லல. அவங்களுக்கு மாத்திரை விசயமே தெரியாது. அலகு குத்தற அன்னைக்கு விடியக்காலம் முருகன் படத்துக்குப் பின்னால கையை விட்டு அட்டையை எடுத்த ரேணுகா, அப்படியே நின்னா. எலும்பு. இத்தனை நாள் வெரதம், வெங்காயம் பூண்டு கூட இல்ல, கடைசி நாள் வேலு குத்தற வாயில மாட்டெலும்பை வைக்கறதா, வச்சுட்டு முருகன் முன்னால நிறுத்தறதா, அப்புறம் அவன் கோவிச்சுக்கிட்டா யாரைக் குத்தம் சொல்றது? "புள்ள, டாக்டர் ஏதோ மாத்திரை சொன்னாங்களே, அது இதுக்குப் போடோணுமா?"ன்னு அவரு கேட்டாரு. கேட்டாரு! அவரே கேட்டாரு! "அது பல்லு புடுங்கறதுக்குத்தாங்க. இது சாமி அலகு. சாமி அலகு புண்ணாகுமா?" அவரு சரின்னுட்டாரு. அட்டை முந்தானை முடிச்சுல இருந்துச்சு. மலை ஏறும்போது பூரா இடுப்புல உறுத்திட்டே இருந்துச்சு. தோலை மட்டும் கழட்டிப் பொடியைக் குடுக்கலாம்னு அன்னைக்குத் தோணவே இல்ல. அன்னைக்குத் தோணாதது அப்புறம் தோணுச்சு. எல்லாம் அப்புறம் தோணுச்சு. விபூதியைப் பூசி பூசாரி இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல எடுத்தாரு, பம்பை சத்தம் காதைக் கிழிக்குது, அரோகரா அரோகரான்னு கூட்டம், ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது, மத்தவங்க யாருக்கும் வராது. இவருக்கு வந்துச்சு. அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை பண்ற வேலை அது, ரேணுகாவுக்குத் தெரியும், ஆனா தாடை வழியா மெல்லிசா எறங்கி நிக்காம வந்ததைப் பாத்த நங்கையா இவ பக்கம் திரும்பி, "வெரதத்துல ஏதாச்சும் கொறையா கண்ணு?"ன்னாங்க. அப்ப இவளுக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நல்லவேளை, குடுக்கலன்னு. குடுத்திருந்தா அதனாலதான்னு ஆயிருக்கும்னு. நிம்மதியா இருந்துச்சு.

காய்ச்சல் சாயங்காலம் சாயங்காலம் வந்துச்சு. பட்டறையில இருந்து வந்ததும் குளுருதுன்னு போத்திக்குவாரு, சித்திரை வெயில்ல. வைரலா இருக்கும் புள்ள, ஊரு பூரா இருக்குதுன்னாரு. ரேணுகாவுக்கு அது வைரல் இல்லன்னு தெரியும். எப்படித் தெரியும்? முடிச்சுல இருந்த அட்டை சொல்லுச்சு. டாக்டர்கிட்டப் போலாம்னா என்னன்னு சொல்றது, வேலு குத்துனோம், மாத்திரை குடுக்கலன்னா? இருக்கட்டும், இப்பக் குடுத்துருவோம், லேட்டாக் குடுத்தாலும் மருந்து மருந்துதானன்னு, அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, உறையை ரெண்டாத் திருகி, பொடியை மோருல கொட்டிக் கலக்குனா. இப்பல்லாம் வெரதம் இல்ல, உறையோட குடுத்திருக்கலாம், ஆனா உறையோட குடுத்தா என்னன்னு கேப்பாரே. "என்ன புள்ள மோரு இப்படிக் கசக்குது?" "வெந்தயப் பொடி போட்டேங்க, சூட்டுக்கு." தெனம் ஒண்ணு. சில நாள் ரெண்டு. தீந்ததும் கடையில போய் இன்னொரு அட்டை. காலி உறையைப் பாத்திரம் கழுவற தொட்டியில போட்டா தண்ணி பட்டுக் கொழகொழன்னு ஒட்டிக்கும், போகாது, நகத்தால சொரண்டி எடுப்பா. காய்ச்சல் கொஞ்சம் எறங்கும், இவ முருகனுக்கு வெளக்குப் போடுவா, மறுபடி ஏறும். இப்படியே ஓடுச்சு. மொளைக்கலன்னு டாக்டரம்மா சொன்னப்ப, ஏன் மொளைக்கலன்னு அந்த ரூமுல தெரிஞ்ச ஒரே ஆளு இவதான். கிருமி பாதி மருந்துல மயங்கிக் கெடக்குது. பாட்டில்ல எந்திரிக்காது. அவரு நெஞ்சுக்குள்ள மட்டும் எந்திரிக்கும். டாக்டருங்க மாட்டுக் கிருமி, ஆட்டுக் கிருமின்னு ஊரெல்லாம் ரத்தம் அனுப்பித் தேடிட்டிருக்காங்க, அதுக்குப் பதிலு இவ அடுப்படியில இருக்குது.

"ரேணு, காபி குடிச்சியா?" நங்கையா வந்துட்டாங்க, ஒரு கையில பிளாஸ்க், ஒரு கையில விபூதிப் பொட்டலம், வந்ததும் தம்பி நெத்தியில பூசறாங்க. அவரு கண்ணைத் தொறக்காமலே, "அக்கா, நெத்தியில தோசை ஊத்திறலாம், அவ்வளவு சூடு"ங்கறாரு. "வாயை மூடுறா. காய்ச்சல்லயும் நக்கலு." அப்புறம் இவ பக்கம் குனிஞ்சு, மெதுவா, "மறுபடி தொறக்கோணும்னு பேசிக்கறாங்களாமா ரேணு. கீழ பில்லு போடற பையன் சொன்னான். நீ ஒண்ணும் பயப்படாத. போன தடவை அலகு குத்தறதுல ஏதோ கொறை ஆயிப்போச்சு, அதான் முருகன் சோதிக்கறான். இந்தத் தடவை பெருசா வேண்டிக்குவோம். முதுகுல கொக்கி மாட்டிச் சின்னத் தேரு இழுக்கட்டும். இப்பவே நேந்துக்க. நீ நேந்தாத்தான் பலிக்கும், நீதான் பொண்டாட்டி." கையில மஞ்சத்துணியைக் குடுக்கறாங்க, காசு முடிஞ்சு வைக்கறதுக்கு. நல்ல மனசோடதான் குடுக்கறாங்க, கண்ணெல்லாம் கலங்கியிருக்குது. ரேணுகா துணியைப் பாக்கறா. அவரு முதுகைப் பாக்கறா, பாக்க முடியாது, அதுமேலதான் படுத்திருக்காரு, ஆனாத் தெரியுது, ஒவ்வொரு எலும்பாத் தெரியுது, அதுல கொக்கி, கொக்கியில கயிறு, கயித்தை இழுத்துட்டு ரோட்டுல அவரு. மறுபடி இவ வாயி. மறுபடி அவரு ஒடம்பு. "வேண்டாங்க நங்கையா." "என்ன வேண்டாம்?" "வேண்டாம்." துணியைத் திருப்பி அவங்க கையிலயே வச்சா. நங்கையா மொகம் சுண்டிப்போச்சு.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்துட்டாங்க. அங்க பைபாஸ் பண்ணுன தாத்தா ஒருத்தரு, காலுல தையலைப் பிரிச்சுப் பாக்கறாங்க, "சுத்தமா இருக்கு, வீட்டுக்குப் போலாம்"ங்கறாரு பெரிய டாக்டர், தாத்தா கும்படறாரு. கும்படற அந்தக் கையைப் பாக்க ரேணுகாவுக்குப் பொறாமையா இருக்குது, பொறாமைன்னா அப்படி ஒரு பொறாமை. செக்யூரிட்டி வந்து, "ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு ஆளுதான், மத்தவங்க வெளிய போங்கம்மா"ங்கறான். நங்கையா இவ தோளைத் தொட்டு, கோவத்தை எல்லாம் முழுங்கிட்டு, "நீ போ கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. காபியைக் குடிச்சுட்டு வா. நான் கேட்டுச் சொல்றேன்"ங்கறாங்க. ரேணுகா எந்திரிச்சுட்டா. போலாம். போறது தப்பில்ல. போகச் சொல்றாங்க. திரும்பி வர்றதுக்குள்ள முடிவெடுத்திருப்பாங்க, தொறக்கறதுன்னா தொறப்பாங்க, தொறந்து அந்தக் கூட்டைச் சொரண்டி எடுத்துப் பாத்தா என்ன கிருமின்னு அவங்களுக்கே தெரிஞ்சுரும், இவ சொல்லாமலே தெரிஞ்சுரும், படிச்சவங்கதான. ஆனா தொறந்தா தாங்குவாரா. மொத தடவையே தாங்குனது பெருசு. தாங்கலன்னா? தாங்கலன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. மோரு, முடிச்சு, உறை எல்லாம் இவளோட போயிரும். அந்த நெனப்பு வந்துச்சு, வந்துட்டு ஒரு நொடி நின்னுச்சு, நின்னதை ரேணுகா பாத்துட்டா. கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டா. "நான் இருக்கறேங்க நங்கையா. நீங்க போங்க."

நங்கையா வெளிய போகவும் பெரிய டாக்டர் வந்து நிக்கறாரு. சின்ன டாக்டரம்மா இங்கிலீஷ்ல ஓடி ஓடிச் சொல்றாங்க. அவரு கேட்டுட்டு, கட்டிலுக்குக் குனிஞ்சு, நல்ல தமிழ்ல, "மகுடேஸ்வரன், மருந்துக்குக் காய்ச்சல் அடங்க மாட்டேங்குது. என்ன கிருமின்னு தெரியாம இருட்டுல அடிச்சுட்டிருக்கோம். நாளைக்கு மறுபடி..."

"சார்," ரேணுகா கூப்பிட்டா. "சார், நான் குடுத்தேனுங்க."

"என்னம்மா?"

"ஆன்டிபயாட்டிக்கு. மோருல. அவருக்குத் தெரியாது." அப்புறம் மடையை ஒடைச்சுட்டு வந்த தண்ணி மாதிரி வந்துருச்சு, முன்ன பின்ன, அலகுல ஆரம்பிச்சு அட்டைக்குப் போயி, எலும்புக்குப் போயி, மறுபடி அலகுக்கு வந்து. பெரிய டாக்டர் கையைக் காட்டி நிறுத்துனாரு. திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. "எந்த மாத்திரை? பேரு தெரியுமா? தெனம் எத்தனை? கடைசியா எப்பக் குடுத்தீங்க?" சொன்னா. "அலகு எந்த எடத்துல?" காட்டுனா, தாடியை வெலக்கி, புள்ளி மாதிரி ரெண்டு தழும்பு. சின்ன டாக்டரம்மா உதட்டைக் கடிச்சுட்டு இவளைப் பாத்தாங்க, நேத்து ஆட்டுன தலையைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. பெரிய டாக்டர் அவங்ககிட்ட வேகமா இங்கிலீஷ்ல என்னவோ சொன்னாரு, ரெண்டு பேரு போனை எடுத்துட்டு ஓடுனாங்க. "வாயிலருந்து போன கிருமியாத்தான் இருக்கும். அதுக்குத் தோதா மருந்தை இப்பவே மாத்தறோம். தொறக்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாக்கலாம். பொழைச்சுருவாருன்னு எழுதித் தர முடியாதும்மா. ஆனா இப்ப எதை அடிக்கறோம்னு ஒரு திசை இருக்கு." சொல்லிட்டு நகந்துட்டாரு.

மகுடேஸ்வரன் கண்ணைத் தொறந்துதான் இருந்தாரு. எப்பத் தொறந்தாருன்னு ரேணுகாவுக்குத் தெரியல. இவளைப் பாப்பாருன்னு நின்னா. அவரு ஜன்னலைப் பாத்துட்டிருந்தாரு. "ஏனுங்க," கூப்பிட்டா. "மாமா." நெஞ்சுக்குள்ள அந்த அமுங்குன சத்தம் மட்டும் வந்துச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ கையால எது குடுத்தாலும், கசாயமோ மாத்திரையோ, இது என்னன்னு கேக்காம கையை நீட்டி வாங்கி வாயில போட்டுக்கற மனுசன். கொஞ்ச நேரத்துல நர்ஸம்மா புது பாட்டிலைக் கொண்டாந்து கம்பியில மாட்டுச்சு, அவரு கையை எடுத்து ஊசிக் கொழாயைத் தொடச்சுச்சு. அவரு கையை இழுத்துக்கிட்டாரு.

"இது என்ன மருந்துங்க சிஸ்டர்?"

சிஸ்டர் பேரைச் சொல்லுச்சு.

"எதுக்குங்க?"

அதையும் சொல்லுச்சு, பொறுமையா, கிருமியைக் கொல்றதுக்குன்னு. அவரு பூராக் கேட்டாரு. கேட்டுட்டு, ரேணுகா பக்கம் திரும்பாம, சிஸ்டர்கிட்டக் கையை நீட்டுனாரு.